மெதுவாக நகரும் துருவப் பனியைச் செயற்கைக்கோள் ரேடார் அளப்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெதுவான பனியாறு என்றால் எவ்வளவு மெதுவு?

கிரீன்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள யாகோப்ஸ்ஹவ்ன் பனியாறு 2012 கோடையில் நாளொன்றுக்கு 46 மீட்டர் வேகத்தை எட்டியது. ஆண்டுக் கணக்கில் அது சுமார் 17 கிலோமீட்டர். மேற்கு அண்டார்க்டிகாவின் பைன் தீவுப் பனியாறு ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர் ஓடுகிறது. செய்திகளில் அடிபடுபவை இத்தகைய பனியாறுகள்தாம். ஆனால் துருவப் பனியின் பெரும்பரப்பு இப்படி ஓடுவதில்லை. தென் துருவப் புள்ளியில் பனி ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் நகர்கிறது. அதனாலேயே துருவத்தைக் குறிக்கும் கம்பத்தை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று சரியான இடத்தில் புதிதாக நடுகிறார்கள். ரஷ்யாவின் வோஸ்டாக் நிலையத்தில் நகர்வு ஆண்டுக்குச் சுமார் 2 மீட்டர். மழைநீர் இருபுறமும் பிரிந்தோடும் நீர்ப்பிரிமேட்டைப் போல, பனி இருபுறமும் பிரிந்து வழியும் பனிப்பிரிமேடுகள் உண்டு; அவற்றின் உச்சியில் நகர்வு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்கும் குறைவு. இங்கே மெதுவான பனி என்று சொல்வது, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரில் தொடங்கி ஏறக்குறைய பத்துப் பதினைந்து மீட்டர் வரை நகரும் பனியை.

அவ்வளவு மெதுவாக நகர்வதை அளந்து என்ன பயன்?

மெதுவு என்பதால் சிறிது என்று ஆகிவிடாது. 1,000 கிலோமீட்டர் நீளமும் 3 கிலோமீட்டர் ஆழமும் உள்ள பனிச்சுவர் ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு, அதைக் கடந்து வரும் பனியின் வேகத்தை ஆண்டுக்கு ஒரே ஒரு மீட்டர் தவறாகக் கணித்தால், கணக்கில் விழும் பிழை 3 கன கிலோமீட்டர் பனி, அதாவது ஏறத்தாழ 275 கோடி டன். பனிவிரிப்பு வளர்கிறதா தேய்கிறதா என்பதே, பொழியும் பனிக்கும் வழிந்தோடும் பனிக்கும் இடையிலான சிறு வித்தியாசத்தில்தான் இருக்கிறது. மேலும், பனிப்பிரிமேடு எங்கே என்று சரியாகத் தெரியாவிட்டால் எந்தப் பனியாற்றுக்கு எவ்வளவு வடிநிலம் என்பதும் தெரியாது. வரவு ஒரு கணக்கிலும் செலவு வேறொரு கணக்கிலும் ஏறிவிடும்.

இதற்கு எனக்குப் பிடித்த சான்று கேம்ப் பனியோடை. பனிவிரிப்புக்குள்ளேயே ஆறுபோல் விரைந்து ஓடும் பகுதியைப் பனியோடை என்பர். மேற்கு அண்டார்க்டிகாவிலிருந்து ராஸ் கடலை நோக்கி வழியும் பெரும் பனியோடைகளுள் ஒன்றான அது, சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய நின்றுவிட்டது. பக்கத்திலுள்ள வில்லன்ஸ் பனியோடை இன்னமும் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் நகர, கேம்ப்பின் நடுப்பகுதி சில மீட்டர்தான் நகர்கிறது. மேலிருந்து பனி வந்துகொண்டிருக்கிறது, கீழே வெளியேறும் வாய் அடைபட்டிருக்கிறது. ஆகவே பனி தடிக்கிறது. ராஸ் கரைப் பனியோடைகள் கூட்டாக ஆண்டுக்கு 2,680 கோடி டன் பனியைச் சேர்க்கின்றன என்று செயற்கைக்கோள் ரேடார் அளவீடுகளைக் கொண்டு 2002-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதில் பெரும்பங்கு, நின்றுபோன இந்த ஒன்றினால் வந்தது. வேகமான பனியாறுகளை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

கம்பம் நட்டு அளந்தால் போதாதா? ஒளிப்படச் செயற்கைக்கோள் இல்லையா?

கம்பமும் ஜிபிஎஸ் கருவியும் இன்றும் மிகத் துல்லியமானவை. ஆனால் ஒரு புள்ளிக்கு ஒரு பயணம் என்பது அண்டார்க்டிகாவுக்குக் கட்டுப்படியாகாது. ஒளிப்படத்துக்கு வெளிச்சமும் மேகமற்ற வானமும் வேண்டும், போதாததற்கு அடையாளம் காண ஒரு பிளவோ மேடோ வேண்டும். மெதுவான பனி நசுங்குவதும் கிழிவதும் குறைவு என்பதால் அதன் மேற்பரப்பு வெள்ளைத்தாள்போல் வெறுமையாக இருக்கும். ரேடாருக்கு ஆறு மாத இரவும் தடையில்லை, மேகமும் தடையில்லை.

எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு சாண் நகர்வு எப்படித் தெரிகிறது?

செயற்கைக்கோள் தானே ஒரு நுண்ணலைத் துடிப்பை அனுப்பி, பனியில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பெறுகிறது. எதிரொலி எவ்வளவு வலிமையாக வந்தது என்பதோடு, அலையின் முகடும் பள்ளமும் எந்த நிலையில் வந்து சேர்ந்தன என்பதையும் பதிவு செய்கிறது. பள்ளி இயற்பியலில் கட்டம் என்று படித்தோமே, அதுதான். சில நாள் கழித்து அதே பாதையில் வந்து அதே இடத்தை மீண்டும் பார்க்கும்போது, பனி செயற்கைக்கோளை நோக்கியோ அதைவிட்டு விலகியோ சிறிதளவு நகர்ந்திருந்தால், அலை போய்வரும் தொலைவு மாறி, கட்டமும் மாறியிருக்கும். இரண்டு பதிவுகளின் கட்டங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் வண்ணப் பட்டைகள் கொண்ட படம் கிடைக்கிறது. இதைக் குறுக்கீட்டுப் படம் என்கிறோம்.

அலை போகவும் வரவும் அதே தொலைவைக் கடப்பதால், பனி பாதி அலைநீளம் நகர்ந்தாலே ஒரு முழுப் பட்டை உருவாகிறது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-1 பயன்படுத்தும் அலைநீளம் ஏறத்தாழ 5.5 சென்டிமீட்டர், ஆகவே ஒரு பட்டைக்குச் சுமார் 2.8 சென்டிமீட்டர். ஆண்டுக்கு 3 மீட்டர் நகரும் பனி, சென்டினல்-1 ஒன்று மீண்டும் அதே பாதைக்கு வரும் 12 நாள் இடைவெளியில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். ரேடாரின் சாய்ந்த பார்வைக்கு அதில் 6 சென்டிமீட்டர் அளவே தெரியும் என்று வைத்துக்கொண்டாலும், அருகிலுள்ள அசையாத பாறையோடு ஒப்பிடும்போது இரண்டுக்கு மேற்பட்ட பட்டைகள் உருவாகிவிடும். ஒரு பட்டையில் பத்தில் ஒரு பங்கைப் பிரித்தறிவது கடினமல்ல. தொலைவை நேரடியாக இவ்வளவு துல்லியமாக அளக்கும் ஆற்றல் ரேடாருக்குக் கிடையாது. அது அளப்பது தொலைவில் ஏற்பட்ட மாற்றத்தைத்தான், அதுவும் அலைநீளத்தின் பின்னமாக. இந்த வேறுபாடு பிடிபட்டால் பாதி விஷயம் பிடிபட்டது என்று சொல்லலாம்.

இதை முதலில் செய்து காட்டியவர்கள் யார்?

1991 ஜூலையில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஈ.ஆர்.எஸ்-1, 1992-ன் தொடக்கத்தில் ஆறு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு பதிவுகளைக் கொண்டு, ரிச்சர்ட் கோல்ட்ஸ்டீனும் அவருடைய கூட்டாளிகளும் மேற்கு அண்டார்க்டிகாவின் ரட்ஃபோர்டு பனியோடையின் நகர்வைக் கணக்கிட்டு 1993-ல் வெளியிட்டார்கள். அவர்களுள் ஒருவர் பார்க்லே கேம்ப். மேலே சொன்ன நின்றுபோன பனியோடை பின்னாளில் அவர் பெயரைத்தான் பெற்றது. ரட்ஃபோர்டு ஆண்டுக்குச் சுமார் 390 மீட்டர் நகர்வது, ஆகவே மெதுவானது அல்ல. எனினும் தரையில் கால் வைக்காமலே பனியின் நகர்வை அளக்கலாம் என்பது அதில் உறுதியானது. 1995-ல் ஈ.ஆர்.எஸ்-2 ஏவப்பட்ட பிறகு இரண்டும் ஒரே நாள் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து சேர்த்த பதிவுகள் இன்றும் பயன்படுகின்றன.

படத்தின் துகள்களை நகர்த்திப் பொருத்தும் முறை உண்டே. அதையே மெதுவான பனிக்கும் பயன்படுத்தலாமே?

ரேடார் படத்தில் மணலைத் தூவியதுபோல் ஒரு பொறிப்பு இருக்கும். இரண்டு படங்களில் அந்தப் பொறிப்பு எவ்வளவு இடம்பெயர்ந்திருக்கிறது என்று கணினி தேடிப் பொருத்துவது துகள் பின்தொடர்தல் முறை. வேகமான பனிக்கு இதுவே தக்கது; அங்கே கட்டப் பட்டைகள் எண்ண முடியாதபடி நெருங்கிக் குழம்பிவிடும். ஆனால் இம்முறையின் நுட்பம் படப்புள்ளியின் அளவைச் சார்ந்தது. சென்டினல்-1 படத்தின் புள்ளி, பறக்கும் திசையில் சுமார் 14 மீட்டர். அதில் இருபதில் ஒரு பங்கு வரை சரியாகப் பொருத்தினாலும் மிஞ்சும் பிழை 70 சென்டிமீட்டர். 12 நாளுக்கு 70 சென்டிமீட்டர் என்பது ஆண்டுக்கு 21 மீட்டர். ஆண்டுக்கு 3 மீட்டர் நகரும் பனியை இந்தக் கோலால் அளப்பது, பொன்னை நிறுக்க லாரி எடைமேடைக்குப் போவது போன்றது. நூற்றுக்கணக்கான படங்களைச் சராசரி எடுத்துப் பிழையைக் குறைக்கலாம், குறைக்கவும் செய்கிறார்கள். ஆயினும் கட்டத்தின் நுட்பத்தை அது எட்டுவதில்லை.

அப்படியானால் காத்திருக்கும் இடைவெளியை ஒரு வருடமாக்கினால் நகர்வு பெரிதாகத் தெரியுமே?

தெரியும், கட்டம் அதுவரை உயிரோடிருந்தால். இரண்டு பதிவுகளையும் ஒப்பிட வேண்டுமானால் பனியின் நுண்ணமைப்பு மாறாமல் இருக்க வேண்டும். இதை ஓரியல் தன்மை என்பர். புதுப்பனி விழுந்தாலும், காற்று பனித்தூளை வாரிக்கொண்டு போனாலும், மேற்பரப்பு சிறிது உருகினாலும் அது சிதைகிறது. குறுகிய அலைகளுக்கு இது விரைவில் நடக்கும். நீண்ட அலைகள் உலர்பனிக்குள் பல மீட்டர், சில இடங்களில் பல பத்து மீட்டர் ஊடுருவி, மாறாத ஆழத்துப் பனியையும் பார்ப்பதால் அவற்றின் ஓரியல் தன்மை நீடிக்கிறது. ஜப்பானின் அலோஸ் செயற்கைக்கோள் 46 நாள் இடைவெளியில் வந்தும் அண்டார்க்டிகாவின் உட்பகுதியில் பயன்பட்டதற்கு அதன் 23.6 சென்டிமீட்டர் அலைநீளமும் ஒரு காரணம். ஆனால் நீண்ட அலைக்கு ஒரு பட்டை என்பது 12 சென்டிமீட்டர். அதே நகர்வுக்குக் குறைந்த பட்டைகளே கிடைக்கும்.

கிடைக்கும் எண் உண்மையில் எந்தத் திசையில் உள்ள நகர்வு?

எனக்கு வரும் கேள்விகளில் மிகவும் தேவையானது இது. ஆனால் குறைவாகக் கேட்கப்படுவதும் இதுவே. ரேடார் பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கிறது. அந்தச் சாய்ந்த கோட்டின் வழியே ஏற்படும் மாற்றம் மட்டுமே கட்டத்தில் பதிகிறது. கோட்டுக்குக் குறுக்கே பனி எவ்வளவு ஓடினாலும் கட்டம் அசையாது. ஆகவே செயற்கைக்கோள் வடக்கு நோக்கிச் செல்லும்போது ஒரு பார்வை, தெற்கு நோக்கி வரும்போது இன்னொரு பார்வை என்று இரண்டையும் சேர்க்கிறார்கள். இரண்டு சமன்பாடுகள், கிழக்கு, வடக்கு, மேல்கீழ் என்று மூன்று அறியாக் கணியங்கள். மூன்றாவதற்கு, பனி தன் மேற்பரப்பின் சாய்வுப் போக்கிலேயே வழிகிறது என்ற அனுமானத்தைச் சேர்த்துக் கணக்கை முடிக்கிறார்கள்.

வேகமான பனிக்கு இந்த அனுமானம் தீங்கு செய்யாது. மெதுவான பனியில்தான் சிக்கல். ஆண்டுதோறும் மேலே பனி பொழிய, பழைய பனி கீழே அமிழ்கிறது. மேற்பரப்பின் உயரம் மாறாவிட்டாலும் ரேடார் பார்க்கும் பனி கீழிறங்கிக்கொண்டே இருக்கும். செங்குத்திலிருந்து 35 பாகை சாய்ந்து பார்க்கும் ரேடார், கிடைநகர்வில் 57 விழுக்காட்டை மட்டும் உணர, செங்குத்து நகர்வில் 82 விழுக்காட்டை உணர்கிறது. ஆண்டுக்கு 20 சென்டிமீட்டர் அமிழ்வதைக் கவனிக்காமல் விட்டால், அது 29 சென்டிமீட்டர் கிடைநகர்வாகக் கணக்கில் ஏறிவிடும். பனிப்பிரிமேட்டுக்கு அருகே உண்மையான நகர்வே அவ்வளவுதான் இருக்கும்! அமிழ்வைத் தனியே மதிப்பிட்டுக் கழிக்காத வரைபடத்தில், பிரிமேட்டையொட்டிய திசைக்குறிகளை நான் நம்புவதில்லை.

நிலத்தின் மேடுபள்ளமும் பட்டைகளை உருவாக்குமா?

உருவாக்கும். இரண்டு முறையும் செயற்கைக்கோள் மயிரிழை பிசகாமல் அதே புள்ளியில் நிற்பதில்லை. நூறு மீட்டர் விலகினாலே இரு கண்ணால் பார்ப்பதுபோல் உயரமும் படத்தில் கலந்துவிடும். ஈ.ஆர்.எஸ் பதிவுகளில் நூறு மீட்டர் விலகலுக்கு, ஏறத்தாழ நூறு மீட்டர் உயர வேறுபாடு ஒரு பட்டையாகத் தெரியும். நல்ல உயர வரைபடம் ஒன்றைக் கொண்டு இதைக் கழித்துவிடலாம்.

எல்லாம் ஒப்பீடு என்றால், பூஜ்யம் எங்கே இருக்கிறது?

குறுக்கீட்டுப் படம், இந்த இடம் அந்த இடத்தைவிட இவ்வளவு கூடுதலாக நகர்ந்தது என்று மட்டும் சொல்லும். அசையாத ஓர் இடத்தைப் பிடித்து, அதைப் பூஜ்யம் என்று ஊன்றிக்கொள்ள வேண்டும். கரையோரத்தில் பனிக்கு மேல் தலைநீட்டும் பாறைமுகடுகள் இருப்பதால் அங்கே கவலையில்லை. கிழக்கு அண்டார்க்டிகாவின் உட்பகுதியில் ஆயிரம் கிலோமீட்டர் போனாலும் ஒரு கல்லைப் பார்க்க முடியாது. அங்கே பனிப்பிரிமேட்டின் உச்சியையே அசையாத இடமாக எடுத்துக்கொள்கிறார்கள். அல்லது ஜிபிஎஸ் அளவீடு உள்ள சில புள்ளிகளைத் துணைகொள்கிறார்கள். நாம் அளக்க விரும்பும் மெதுவான பனியையே அளவுகோலின் பூஜ்யமாகவும் கொள்வதில் ஒரு வட்டத்தன்மை இருப்பதை மறுக்க முடியாது. செயற்கைக்கோள் பாதையின் சிறு கணிப்புப் பிழை, படம் முழுவதும் மெல்லிய சாய்வாகப் பரவி, இல்லாத நகர்வை இருப்பதாகக் காட்டவும் கூடும். ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் பல பாதைகளை ஒன்றாகக் கோத்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சரிக்கட்டுவது இதனால்தான்.

காற்றுமண்டலம் குழப்பாதா?

நம்மூர்ப் படங்களில் நீராவி பெரும் தொல்லை. துருவத்தின் குளிர்ந்த காற்றில் அது குறைவு. ஆனால் துருவ ஒளி தோன்றும் வானத்தில் அயனி மண்டலம் கொந்தளிப்பதால், படத்தில் நீண்ட கோடுகள் விழுகின்றன. அலைநீளம் கூடக்கூட இது மோசமாகும். ஆழத்தைப் பார்க்கும் நீண்ட அலையே அயனி மண்டலத்துக்கும் அதிகம் ஆட்படுகிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதுபோல. ஒரே துடிப்பின் அலைவரிசையை இரண்டாகப் பிரித்து, இரண்டிலும் கட்டம் மாறும் விதத்தை ஒப்பிட்டு இதை ஓரளவு நீக்கலாம். மற்றொரு வழி, இரண்டிரண்டு பதிவுகளாகச் சேர்த்த பல இணைகளைச் சராசரி எடுப்பது: 12 நாள் இணை ஒன்றில் ஒரு சென்டிமீட்டர் பிழை என்பது ஆண்டுக்கு 30 சென்டிமீட்டர், தனித்தனியான 20 இணைகளைச் சேர்த்தால் அது 7 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கும்.

மிதக்கும் பனிக்கும் இதே கணக்குதானா?

இல்லை. கரையிலிருந்து கடல்மேல் நீண்டு மிதக்கும் பனித்திட்டு, கடலின் ஏற்றவற்றத்தோடு மீட்டர் கணக்கில் ஏறி இறங்குகிறது. சில சென்டிமீட்டர் கிடைநகர்வு அதில் மூழ்கிப்போகும். ஆனால் பனி தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் எல்லையில் பட்டைகள் நெருக்கமாக அடுக்கிக் காட்டுவதால், அந்த எல்லைக்கோட்டைக் கண்டறிய இதைவிடச் சிறந்த முறை இல்லை.

அண்டார்க்டிகா முழுவதற்கும் இப்படி ஒரு வரைபடம் உண்டா?

எரிக் ரின்யோ, ஜெரமி மூஷினோ, பெர்ண்ட் ஷாய்க்ல் ஆகியோர் 2011-ல் முதல் முழு வரைபடத்தை வெளியிட்டார்கள். அதில் பெரும்பகுதி துகள் பின்தொடர்தல் முறையில் அமைந்ததால், உட்பகுதியின் மெதுவான பனி மங்கலாகவே இருந்தது. அதே மூவர் 2019-ல் வெளியிட்ட புதிய வரைபடம், ஏறத்தாழ 25 ஆண்டுகளாகப் பல செயற்கைக்கோள்கள் சேர்த்த கட்டப் பதிவுகளைக் கோத்து, கண்டத்தின் 80 விழுக்காட்டுக்கு வேகத்தை ஆண்டுக்கு 20 சென்டிமீட்டர் துல்லியத்திலும் திசையை 5 பாகைத் துல்லியத்திலும் தந்தது. முந்தையதைவிட இது பத்து மடங்கு துல்லியம். என் மதிப்பீட்டில், மெதுவான பனியைப் பொறுத்தவரை 2011-ஐவிட 2019-தான் திருப்புமுனை ஆண்டு.

தென் துருவத்தைச் செயற்கைக்கோள்கள் பார்ப்பதில்லை என்கிறார்களே?

பெரும்பாலான ரேடார் செயற்கைக்கோள்கள் பறக்கும் திசைக்கு வலப்பக்கம் பார்ப்பவை. அவற்றின் பாதை துருவத்துக்கு நேர்மேலே செல்லாததால், வட துருவத்தை நெருங்கிப் பார்க்க முடிகிறது. தென் துருவத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் விடுபடுகிறது. கனடாவின் ரேடார்சாட்-1 இதற்காகவே 1997-ல் விண்ணில் திருப்பப்பட்டு, இடப்பக்கம் பார்த்துக் கண்டத்தைப் படமெடுத்தது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நாசா, இஸ்ரோ கூட்டு முயற்சியான நைசார், இடப்பக்கம் பார்ப்பதாகவே திட்டமிடப்பட்டது. சுமார் 24 சென்டிமீட்டர் அலைநீளம் கொண்ட எல்-பட்டை ரேடாரை நாசாவும், சுமார் 9 சென்டிமீட்டர் கொண்ட எஸ்-பட்டை ரேடாரை இஸ்ரோவும் தந்துள்ளன. இரண்டுக்கும் 12 மீட்டர் அகல எதிரொளிப்பான் பொது. 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பி, தெற்கே 87.5 பாகை வரை பார்க்கக்கூடியது அது. மெதுவான பனியின் கணிசமான பகுதி, மற்றவை விட்டுவிடும் அந்த வட்டத்துக்குள் அடங்குவதால், இத்துறைக்கு அது ஏற்ற கருவி. வட துருவத்தை ஒட்டிய பகுதி அதற்குத் தெரியாது என்பது அதன் மறுபக்கம்.

இந்திய நிலையங்களுக்கு அருகே மெதுவான பனி உண்டா?

உண்டு. 1989 முதல் இயங்கும் மைத்ரி நிலையம் ஷிர்மாகர் என்னும் பாறைநிலத்தில் இருக்கிறது. அதன் தெற்கே கண்டப் பனிவிரிப்பு வந்து முட்டி நிற்கிறது. அங்கே 2003, 2004 ஆண்டுகளில் இந்திய ஆய்வாளர்கள் ஜிபிஎஸ் கொண்டு அளந்தபோது, பனி ஆண்டுக்கு ஏறத்தாழ 2 முதல் 11 மீட்டர் வரை நகர்வது தெரிந்தது. அசையாத பாறையும் மெதுவான பனியும் ஒரே படச்சட்டத்துக்குள், தரை அளவீட்டோடு சேர்ந்து கிடைப்பதால், பூஜ்யம் எங்கே என்ற மேற்கண்ட தலைவலி அங்கே இல்லை. கணக்கைச் சரிபார்க்க விரும்பும் மாணவர் தொடங்குவதற்கு ஏற்ற இடம். சென்டினல்-1 பதிவுகளும், அவற்றைக் கையாள ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் தரும் ஸ்னாப் என்னும் மென்பொருளும் இலவசம். உருகலின் குறுக்கீடு இல்லாத குளிர்கால இணைகளை முதலில் எடுங்கள்; பாறையின்மேல் பட்டைகள் மறைகின்றனவா என்று பார்த்த பிறகே பனியின்மேல் உள்ள பட்டைகளை எண்ணத் தொடங்குங்கள்.